ஆவுடைத்தாய் கேட்டனுப்பிய கேள்வி

கொக்குப்பாறை அடிவாரத்தில் ஒரு பெண் துறவி இருந்தார். யாருக்கும் திருநீறு கொடுக்க மாட்டார். குறி சொல்ல மாட்டார். வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்டால் பேசுவார். சுற்றுவட்டாரம் அவரைச் சாமி என்றே அழைத்தது.

அவருக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான். பெயர் பொன்னுலிங்கம். சாமியைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்த வருஷம் அடிவாரத்துக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். பிறகு வந்துகொண்டே இருந்தார்.

பஞ்சாயத்து, ஒன்றியம் என்று பொறுப்புகளில் இருந்த மனிதர் அவர். கட்சி அவரைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியபோது ஆசி கேட்டு வந்தார்.

"எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டார் சாமி.

"சனங்க குறையை மேல கொண்டு போறதுக்கு."

"கொண்டு போயிட்டு வந்து சொல்லுங்க" என்றார் சாமி. ஆசி என்று எதுவும் கொடுக்கவில்லை.

பொன்னுலிங்கம் ஜெயித்தார். அவருடைய கட்சியே ஆட்சிக்கும் வந்தது.

தொகுதியின் மேற்கு மூலையில் மேலக்கரடு என்று ஒரு ஊர். பருத்தியும் கம்பும் விளைகிற மானாவாரி பூமி. அந்த ஊரில் நல்ல வயதில் இருக்கிற ஆட்களுக்குக் கால் வீங்கும். பிறகு முகம் வீங்கும். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால் சிறுநீரகம் போய்விட்டது என்பார்கள். தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர். வெயில் என்றார்கள் சிலர். உறுதியாக யாருக்கும் தெரியாது. நோய் வந்தவர்கள் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்கள். 'ரத்தங் கழுவப் போறது' என்று ஊரில் அதற்குப் பேர். முதல் பஸ்ஸில் போனால் கடைசி பஸ்ஸில் திரும்பலாம்.

தாலுகா ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. அங்கே அந்த இயந்திரம் இல்லை. அது வேண்டும் என்பதுதான் மேலக்கரட்டு ஆட்கள் கேட்டது.

முதல் கூட்டத்தொடர் முடிந்து தலைநகரிலிருந்து திரும்பிய பொன்னுலிங்கம் வீட்டுக்குப் போகாமல் அடிவாரத்துக்கு வந்தார். முகத்தில் களை இருந்தது.

"சுகாதார அமைச்சரைப் பார்த்துட்டேன், சாமி. மேலக்கரட்டு விஷயத்தைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"சிறுநீரகக் கோளாறு அந்தப் பகுதியில அதிகம், தாலுகா மருத்துவமனைக்கு டயாலிசிஸ் வசதி செஞ்சு தரணும்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஆவன செய்யப்படும்னார்."

"மேலக்கரட்டுக்குப் போனீங்களா?"

"வர்ற வழியில இறங்கிச் சொல்லிட்டுத்தான் வந்தேன். நடந்துரும், கவலைப்படாதீங்கன்னு."

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவர் சொன்னது இல்லையே."

"ரெண்டும் ஒண்ணுதானே, சாமி."

"ஒண்ணுதான்னா அவர் சொன்னதையே சொல்லியிருக்கலாமே."

பொன்னுலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போய் அவர் சொன்னதை அப்படியே சொல்லிட்டு வாங்க. அந்த ஊர்ல ரத்தங் கழுவப் போற யார்கிட்டயாவது சொன்னாப் போதும்."

மறுநாள் சாயங்காலம் பொன்னுலிங்கம் மேலக்கரட்டுப் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். பஸ்ஸிலிருந்து ஒருத்தி கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பெயர் ஆவுடைத்தாய். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தி ஒட்டியிருந்தார்கள். அவளைக் கூட்டிப் போக அவள் புருஷன் கொம்பையா சைக்கிளோடு வந்திருந்தான். பெருந்தலையைக் கண்டதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"துண்டை எடுக்காதய்யா" என்றார் பொன்னுலிங்கம். "ஒரு சேதி சொல்ல வந்தேன். நேத்து நான் உங்ககிட்ட நடந்துரும்னு சொன்னேன். அமைச்சர் அப்படிச் சொல்லலை. ஆவன செய்யப்படும்னுதான் சொன்னார்."

ஆவுடைத்தாய் நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்படின்னா என்னங்கய்யா?"

"செய்ய வேண்டியதைச் செய்வாங்கன்னு அர்த்தம்."

"எப்போ?"

"அது சொல்லலை."

"யாரு செய்வா?"

"அரசாங்கம்."

"அரசாங்கம்னு சொன்னாரா?"

பொன்னுலிங்கம் யோசித்துப் பார்த்தார். "இல்லம்மா. செய்யப்படும்னார்."

ஆவுடைத்தாய் சிரித்துவிட்டாள். "செய்றேன்னு சொல்ல அவருக்கு வாய் வலிக்குமாக்கும்?"

"ஏய், சும்மா இரு" என்றான் கொம்பையா.

"நீங்க சும்மா இருங்க. ஐயா, நான் ஒண்ணு கேட்டனுப்புறேன். அப்படியே போய் அவர்கிட்டக் கேப்பீங்களா?"

"கேளும்மா."

"பஸ்ஸுல வரும்போது சில நாள் கண்ணு இருட்டிட்டு வரும். பக்கத்துல இருக்கிறவங்க நகர்ந்து உக்காருவாங்க. எனக்கு ஒரு ரோசனைதான் வரும். இங்கனயே செத்துட்டா நம்மளை எந்த ஸ்டாப்புல இறக்கி வைப்பாங்கன்னு. வீட்டு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்களா, இல்ல உசுரு போன இடத்துலயே இறக்கிட்டுப் போயிருவாங்களா? அதுக்கு என்ன சட்டம்னு அமைச்சரைக் கேட்டுச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா ஏறலாம்."

கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னுலிங்கம் சரி என்று தலையசைத்தார்.

அமைச்சரின் அறைக்கு வெளியே எப்போதும் கூட்டம்தான். கையில் சால்வையும் எலுமிச்சம்பழமுமாக ஆட்கள் நிற்பார்கள். உதவியாளர் பெயரைக் கேட்டு உள்ளே விடுவார். போனவர்கள் சால்வையைப் போர்த்துவார்கள். போர்த்திய கை எடுப்பதற்குள் அது மூலையில் இருக்கிற குவியலுக்குப் போய்விடும். அந்த இடைவெளியில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அமைச்சர் கெட்ட மனிதர் இல்லை. பொன்னுலிங்கத்தைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி வரவழைத்தார். அவர் கண்களில் தூக்கம் இல்லை.

"சொல்லுங்கண்ணே."

பொன்னுலிங்கம் சொன்னார். அமைச்சர் கவனமாகக் கேட்டார்.

"எல்லாத் தொகுதியிலயும் கேக்குறாங்கண்ணே. பரிசீலனையில வச்சிருக்கோம்" என்றார்.

அடுத்த சால்வை உள்ளே வந்துவிட்டது.

அடிவாரத்தில் சாமி கேட்டார்: "அந்தப் பொண்ணு கேட்டனுப்பினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன், சாமி." சற்றுப் பொறுத்து, "வேற மாதிரி கேட்டேன்."

"எப்படி?"

"நோயாளிகளுக்குப் போக்குவரத்துல மிகுந்த சிரமம் இருக்குதுன்னேன்."

"ஏன் அப்படி?"

"அந்த அறையில அவ சொன்னது வாய்க்கு வரலை. காப்பியெல்லாம் கொடுத்து உக்கார வச்சிருக்கார். அவர் முகத்தைப் பார்த்துச் சாவுப் பேச்சை எப்படிப் பேசுறது?"

சாமி அடுப்படிக்குப் போனார். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று கஞ்சி ஊற்றி வைத்தார். பொன்னுலிங்கம் குடித்தார். ஒரு கிண்ணம் முடிந்ததும் இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தார்.

"கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, சாமி."

"உப்பு போடலை."

பொன்னுலிங்கம் கிண்ணத்தைப் பார்த்தார்.

"முதல் வாயிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் சாமி. "இத்தனை வருஷம் பழகுன என்கிட்டயே சொல்ல முடியல. அவர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?"

அடுத்த கூட்டத்தொடரில், கேள்வி நேரத்தில், பொன்னுலிங்கத்துக்கு ஒரு துணைக் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது. எழுந்தார். அவைத் தலைவரை வணங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என் தொகுதியில மேலக்கரடுன்னு ஒரு ஊர். அங்கே ஆவுடைத்தாய்னு ஒரு அம்மா, ரத்தம் சுத்தம் பண்ணிக்கிறதுக்காக வாரம் ரெண்டு நாள் பஸ்ஸுல போயிட்டு வர்றாங்க. அவங்க ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்காங்க. வர்ற வழியில பஸ்ஸுலயே செத்துப்போனா, எந்த ஸ்டாப்புல இறக்கி வைப்பீங்க? வீட்டு வரைக்கும் கொண்டாந்து விடுவீங்களா? அதுக்கு என்ன சட்டம்னு மாண்புமிகு அமைச்சர் சொல்லணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேடிக்கையாகத்தான் கேட்கிறார் என்று நினைத்திருக்கலாம். பிறகு சிரிப்பு நின்றது. எதிர்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டி, "பதில் சொல்லுங்க" என்று கத்தினார். அமைச்சருக்கு அதிகாரிகள் பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அவர் எழுந்து, மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை அரசின் கவனத்தில் இருக்கிறது என்றார்.

உறுப்பினர் அமங்கலமான சொற்களைத் தவிர்த்திருக்கலாம் என்றார் அவைத் தலைவர். அந்தப் பகுதி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுவதாக அறிவித்தார்.

அன்று மாலை கட்சிக் கொறடா பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். "நம்ம அமைச்சரை நாமளே சந்தியில நிறுத்தலாமாண்ணே? எதிர்க்கட்சிக்காரன் கேக்குற கேள்வியா இது?" என்றார். பொன்னுலிங்கம் மன்னிப்புக் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. ரயிலேறி ஊருக்கு வந்தார்.

"அப்படியே கேட்டுட்டேன், சாமி. ஒரு வார்த்தை மாத்தலை. ஆனா நீக்கிட்டாங்க."

"எதுலயிருந்து?"

"அவைக்குறிப்புலயிருந்து."

"கேட்டவங்க காதுலயிருந்து?"

"அதை எப்படி நீக்க முடியும்?"

"அப்போ சரி. பதில் என்ன வந்துச்சு?"

"வரலை."

"அதையும் போய்ச் சொல்லிருங்க."

அவர் மேலக்கரட்டுக்குப் போய்ச் சொன்னார். ஆவுடைத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நெசமாவா! என் பேரைச் சொல்லியா? சபையில சிரிச்சாங்களா?"

"ஒண்ணு ரெண்டு பேர்."

"சிரிக்கட்டும். சொல்லும்போது நானுந்தான சிரிச்சேன்."

கொம்பையாவும் அன்று சிரித்தான். வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, "உக்காருங்கய்யா" என்றான். பக்கத்து வீட்டு மாடசாமி வந்தான். அவனுக்கும் அதே நோய்தான், இளம் வயது. இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். சபை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அரசியலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலம் தனக்கு வாய்த்ததில்லை என்று பொன்னுலிங்கம் பிறகு சாமியிடம் சொன்னார்.

சபையில் நடந்தது மேலிடத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த வருஷம் முடிவதற்குள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் வந்தது.

அமைச்சரே நேரில் வந்தார். வாழைமரம் கட்டி, மேளம் வைத்து வரவேற்றார்கள். ஆவுடைத்தாயை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அமைச்சர் அவளிடம் வந்து குனிந்து, "இனிமே பஸ்ஸுல போக வேண்டாம்மா" என்றார். அவள் எழுந்து கும்பிட்டாள். படம் எடுத்தார்கள். ரிப்பனை வெட்டினார்கள். பொன்னுலிங்கத்தின் கண்ணில் நீர் நின்றது.

அடுத்த வாரம் ஆவுடைத்தாய் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த அறை பூட்டியிருந்தது. இயக்கத் தெரிந்த ஆள் இன்னும் போடவில்லை என்றார்கள். அவள் அங்கிருந்தே பஸ் பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும் பூட்டியிருந்தது. ஆள் மட்டும் போதாது, அந்த இயந்திரத்துக்கென்று தனியாகச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், அதற்குக் குழாய் போட வேண்டும், அது வேறு துறை என்றார்கள். சித்திரை போய் ஆடி வந்தது. அறை பூட்டியே கிடந்தது.

பொன்னுலிங்கம் மறுபடி தலைநகருக்குப் போனார். இந்த முறை சால்வை எடுத்துப் போகவில்லை. வெகுநேரம் வெளியில் நிற்க வைத்தார்கள்.

"என்னண்ணே, இன்னுமா மேலக்கரடு?" என்றார் அமைச்சர்.

"மிஷின் ஓடலைங்க. ஆள் இல்லை. தண்ணி இல்லை. பூட்டி வச்சிருக்காங்க."

அமைச்சர் கையிலிருந்த கோப்பை மூடி வைத்தார்.

"நீங்க கேட்டது மிஷின். கொடுத்தாச்சு. ஆள் வேணும்னு நீங்க கேக்கலையே" என்றார். குரலில் கிண்டல் இல்லை. வருத்தம்கூட இருந்தது. "புதுப் பணியிடம்னா நிதித்துறை ஒத்துக்கணும். தண்ணிக்கு அந்தத் துறை அமைச்சரைப் பாருங்க. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

தண்ணீர் அமைச்சரையும் பார்த்தார். நிதி அமைச்சரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளரைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, மேலக்கரட்டுப் பக்கம் போகாமல், சுற்றுவழியாக அடிவாரத்துக்கு வந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாமி, "ஆவுடைத்தாய் என்ன சொன்னா?" என்றார்.

"நான் போய்ப் பார்க்கலை, சாமி."

"ஏன்?"

"எந்த முகத்தோட போறது?"

சாமி எழுந்தார். அடுப்பை அணைத்தார். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, நானும் வர்றேன்" என்றார். அடிவாரத்தை விட்டு அவர் வெளியே கிளம்பி யாரும் அதிகம் பார்த்ததில்லை.

ஆவுடைத்தாய் வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தாள். முகம் வீங்கிக் கண்கள் சிறுத்துப் போயிருந்தன. சாமியைப் பார்த்ததும் எழ முயன்றாள். சாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையா?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

"பஸ்ஸேறவும் உடம்பு வேணும்லய்யா."

வாசல்படியில் நின்றிருந்த கொம்பையா சொன்னான்: "அந்த ரூம் பூட்டிக் கெடக்கிறதைப் பார்த்துட்டு வந்ததுலயிருந்து அவ ஆளே மாறிட்டா. மிஷின் இல்லாத வரைக்கும் போயிட்டு வந்தா. வந்துட்டுப் பூட்டிக் கெடக்கவும்தான் விட்டுட்டா."

"என் காரை அனுப்புறேன்" என்றார் பொன்னுலிங்கம். "வாரம் ரெண்டு நாள் வாசலுக்கு வரும். நாளைக்கே வரும்."

ஆவுடைத்தாய் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"ஏம்மா?"

"நான் கார்ல போவேன். மாடசாமி அவன் வாசல்ல நின்னு பார்ப்பான். எத்தனை வாசல்னு நினைக்கிறீங்க? வேண்டாங்கய்யா."

"எல்லாருக்கும் ஏற்பாடு பண்றேன்."

"பண்ணுங்க. பண்ணினா அவனை முதல்ல ஏத்துங்க. சின்னப் பயல்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க மனசு சங்கடப்படாதீங்க. உங்களைச் சொல்லி என்ன. நீங்க கேட்டீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று திரும்பி வரும் வழியில் பொன்னுலிங்கம் சொன்னார்.

மறுநாள் அவர் காரை அனுப்பினார். அதில் மாடசாமி போனான். இன்னும் இரண்டு பேர் இடுக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். ஆவுடைத்தாய் போகவில்லை. புரட்டாசி பிறப்பதற்கு முன்னால், பட்டப்பகலில், வீட்டில் படுத்தபடியே இறந்துபோனாள்.

பொன்னுலிங்கம் மாலை வாங்கிக்கொண்டு போனார். வேலியோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. யாராவது சட்டையைப் பிடித்து உலுக்க மாட்டார்களா என்று அவருக்கு இருந்தது. கொம்பையா வீட்டுக்குள் போய் அந்த நாற்காலியை எடுத்துவந்து போட்டு, "உக்காருங்கய்யா" என்றான். அவர் உட்காரவில்லை. சுடுகாடு வரைக்கும் நடந்தார்.

அதற்குப் பிறகு மேலக்கரட்டிலிருந்து அவர் அலுவலகத்துக்கு ஒருவரும் வரவில்லை.

முதலில் துக்கம் என்று நினைத்தார். பிறகு அறுப்பு வேலை என்று நினைத்தார். மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பட்டா கேட்டார்கள், ரோடு கேட்டார்கள், முதியோர் உதவித்தொகை கேட்டார்கள். மேலக்கரட்டு ஆட்கள் மட்டும் உள்ளே வராமல், அலுவலகத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போனார்கள். அவரைப் பார்த்தால் கும்பிட்டார்கள். போய்விட்டார்கள். காருக்கும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. மாடசாமிகூட ஒரு நாள், "இன்னைக்கு வேண்டாண்ணே" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டான். அடுத்த முறையும் அப்படியே சொன்னான்.

பொன்னுலிங்கம் தானே மேலக்கரட்டுக்குப் போனார். வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஏதாவது குறை இருக்காய்யா?"

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"தண்ணி, ஆஸ்பத்திரி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாங்கய்யா. நல்லா இருக்கோம்."

மாடசாமி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கால்கள் வீங்கியிருந்தன.

"காருல வாடா, தம்பி. நான் கூட வர்றேன். ஆஸ்பத்திரியில கூடவே இருக்கேன்" என்றார்.

"பார்ப்போம்ண்ணே" என்றான். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான். அது அவருக்கும் தெரிந்தது.

கொம்பையாவின் வீடு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே ஆள் அரவம் இருந்தது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மழைக்காலக் கூட்டத்தொடருக்கு நாள் குறித்துவிட்டார்கள். கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பொன்னுலிங்கம் அடிவாரத்துக்கு வந்தார். சாமி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் எதிரில் உட்கார்ந்தார். முதன்முதலில் வந்தபோது உட்கார்ந்திருந்ததைப் போல வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"நான் இந்தத் தடவை சபைக்குப் போகலை, சாமி."

"ஏன்?"

"கொண்டு போறதுக்கு ஒண்ணுமில்லை."

சாமி புடைப்பதை நிறுத்தவில்லை.

"குறையைச் சொல்லி நடக்காமப் போறது பழகிப் போச்சு. அதைத் தாங்கிக்கிடலாம். இப்போ கேக்கவே மாட்டேங்காங்க. வீடு வீடாப் போய்க் கேட்டேன். நல்லா இருக்கோம்கிறாங்க. வீங்குன காலை நீட்டிக்கிட்டு நல்லா இருக்கோம்கிறாங்க, சாமி. கேக்காத சனத்துக்கு நான் போய் அங்கே என்னத்தைப் பேச?"

"கேக்குறதை நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"இது அமைச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது." பொன்னுலிங்கம் கசப்பாகச் சிரித்தார். "தெரிஞ்சா ஒரு தொல்லை விட்டுதுன்னு நிம்மதியா இருப்பார்."

"இருக்கட்டும். போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"மேலக்கரட்டுல சனங்க கேக்குறதை நிறுத்திட்டாங்கன்னு."

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் எதுக்கு, சாமி?"

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்களும் பேசாம இருந்துட்டா, அவங்க நல்லா இருக்கோம்னு சொன்னது நெசமாயிரும்."